நாலாவது லைன்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். ஏற்றுமதிக் கம்பெனி. தையல் தளத்தில் நான்கு லைன், லைனுக்கு 30 மெஷின். என் பதவிக்கு எம்.ஐ.எஸ். எக்ஸிக்யூட்டிவ் என்று பெயர். ஊரில் யாராவது கேட்டால் அம்மா, “கம்ப்யூட்டர்ல கணக்கு எழுதறான்” என்பார். அதுதான் சரியான விளக்கம். தளத்திலிருந்து வரும் எண்களை எக்செல்லில் ஏற்ற வேண்டும். மாதத்தின் முதல் திங்கட்கிழமை மீட்டிங்கில் ஜி.எம். சார் பார்ப்பதற்கு அவற்றைப் படமாக்கிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

புள்ளியியல் படித்தவன் நான். ஆனால் கல்லூரியில் வரைபடங்களுக்கு ஒதுக்கியது ஒரு வாரம்கூட இருக்காது. ஸ்கேல், பென்சில், கிராஃப் தாள். பட்டைப் படம் வரைக, வட்டப் படம் வரைக. எதை வரைய வேண்டும் என்பதைக் கேள்வித்தாளே சொல்லிவிடும். எப்போது எதை வரையக் கூடாது என்று எந்தக் கேள்வித்தாளும் கேட்டதில்லை.

தையல் தளத்தின் உயிர் ‘எஃபிஷியன்சி’ என்ற ஒரு சதவீதத்தில் இருக்கிறது. கணக்கு எளிது. ஒரு சாதாரண வட்டக் கழுத்து டீ-ஷர்ட்டைத் தைத்து முடிக்க 6 நிமிடம் என்று நிர்ணயித்திருக்கிறார்கள் என்று வையுங்கள். 30 பேர், ஆளுக்கு 480 நிமிடம், ஒரு நாளைக்கு மொத்தம் 14,400 நிமிடம். அன்றைக்கு 1,200 பீஸ் இறங்கினால் 7,200 நிமிட வேலை நடந்திருக்கிறது. ஆக 50 சதவீதம். மீதி நிமிடங்கள் எங்கே போயின? நூல் அறுந்தது, ஊசி உடைந்தது, கட்டிங்கிலிருந்து பண்டல் வரவில்லை, காலர் துணி ஷேடு மாறியது, கரண்ட் போனது. அந்த ஒற்றைச் சதவீதத்துக்குள் இத்தனையும் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

அந்த மாதம் நான்கு லைன்களின் சராசரி இப்படி வந்தது: 54, 53, 52, 50.

அதற்கு முந்தைய மாத மீட்டிங்கில் நான் திட்டு வாங்கியிருந்தேன். பட்டைகள் எல்லாம் ஒரே உயரத்தில் நின்றன. “என்னப்பா இது, நாலு பேரு ஃபோட்டோவுக்கு நிக்கற மாதிரி இருக்குது? இதுல நான் என்னத்தப் பாக்கறது? தெளிவா போட்டுக் கொண்டா” என்றார் ஜி.எம். தெளிவு. அந்த வார்த்தை ஒரு மாதம் காதிலேயே இருந்தது. இந்தத் தடவை எண்களைத் தேர்ந்தெடுத்து பார் சார்ட் பட்டனை அழுத்தினேன். எக்செல் போட்டுத் தந்த படம் அருமையாக இருந்தது. முதல் லைன் ஓங்கி நின்றது, நாலாவது லைன் காலடியில் கிடந்தது. இடப்பக்க அச்சு 48-இல் தொடங்கியது. கவனித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நொடி யோசித்துவிட்டு அப்படியே விட்டேன். நாலாவது பட்டைக்குச் சிவப்பு நிறமும் கொடுத்தேன்.

48-இலிருந்து அளந்தால் பட்டைகளின் உயரம் 6, 5, 4, 2. அதாவது நாலாவது லைன் முதல் லைனில் மூன்றில் ஒரு பங்கு. உண்மையில் 54-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசம் ஏழு சதவீதத்துச் சொச்சம். எக்செல் இதை விஷமத்துக்குச் செய்வதில்லை. எண்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால், அதாவது பெரியதற்கும் சின்னதற்கும் உள்ள இடைவெளி பெரியதில் ஆறில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால், அது தானாகவே பூஜ்யத்தை விட்டுவிட்டு மேலே எங்கிருந்தோ அச்சைத் தொடங்கும். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியட்டும் என்ற நல்லெண்ணம். உலகம் முழுக்க எத்தனை மீட்டிங்கில் எத்தனை பேர் இந்த நல்லெண்ணத்தால் திட்டு வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

மீட்டிங்கில் அந்தப் படம் திரையில் நின்றது நாற்பது விநாடி இருக்கும். “நாலாவது லைன் என்ன இப்படிப் படுத்துக் கெடக்குது?” புரொடக்‌ஷன் மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “சிறுசிறுசா ஆர்டர் சார்…” என்று தொடங்கினார். படத்துக்கு முன்னால் அந்த வாக்கியம் எடுபடவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் முடிவாகிவிட்டது. லைனைக் கலைத்து 30 பேரையும் மற்ற மூன்று லைன்களுக்கும் பிரித்துப் போடுவது. சூப்பர்வைசர் அக்காவை செக்கிங்குக்கு மாற்றுவது. வேலை யாருக்கும் போகவில்லை, அதனால் இதைப் பெரிய விஷயமாக யாரும் பேசவில்லை. ஆனால் லைன் டார்கெட் அடித்தால் வரும் இன்சென்டிவ் செக்கிங்கில் கிடையாது. ஒரே ஹாஸ்டலில் தங்கி ஒரே வரிசையில் உட்கார்ந்து தைத்த ஒடிசாப் பெண்கள் ஆறு பேரும் ஆளுக்கொரு மூலைக்குப் போனார்கள். அவர்களில் இரண்டு பேருக்குத்தான் தமிழ் தெரியும். அந்த இரண்டு பேரை வைத்துத்தான் மற்ற நால்வரும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அன்றைக்குப் பாராட்டு கிடைத்தது. “இப்பத்தான் தெளிவா இருக்குது.”

பத்து நாள் கழித்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா என் அறைக்கு வந்தார். பதினாறு வயதில் கை மடிக்க கம்பெனிக்கு வந்தவர், பிறகு பவர் டேபிள், பிறகு சூப்பர்வைசர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். ஏ.சி. அறைக்குள் வரும்போது செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

“ஏனுங்க தம்பி, அந்த டிவில படம் போட்டது நீங்கதானுங்களே?”

“ஆமாங்க்கா.”

“எங்க கட்டை மட்டும் அத்தனை சிறுசா இருந்துச்சாமா. மத்தவிங்க மூணு பீஸ் தெச்சா நாங்க ஒரு பீஸ்தான் தெச்சமுங்களா?”

அவர் மீட்டிங்கில் இல்லை. படத்தை யாரோ வாயால் விவரித்திருக்கிறார்கள். அதைக் கேட்டே மூன்றில் ஒரு பங்கு என்று சரியாக அளந்திருந்தார். நான் அச்சு, 48, ஆட்டோமேட்டிக் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, மடியிலிருந்த நோட்டை மேஜையில் வைத்தார். 192 பக்க லாங் சைஸ் நோட்டு. ஒவ்வொரு நாளும் மணிக்கு மணி எத்தனை பீஸ் இறங்கியது என்று எழுதியிருந்தது. நீல மையில் எண்கள். அங்கங்கே சிவப்பு மையில் ‘ஸ்டைல் மாத்தம்’.

“கொஞ்சம் பாத்துப் போட்டிருக்கலாமுங்க” என்றார். கோபமே இல்லாமல் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது.

அன்று இரவு ஹாஸ்டலில் உட்கார்ந்து அந்த மாதத்தின் 24 வேலை நாளையும் ஒரு கோட்டுப் படமாகப் போட்டேன். நாள்வாரிக் கணக்கு என்னிடமே இருந்தது, நான்கு லைனுக்கும். அதைத்தான் நான் சராசரியாக்கி நசுக்கியிருந்தேன். இல்லாதது சிவப்பு மைத் தேதிகள் மட்டும். அவற்றையும் செங்குத்துக் கோடுகளாகச் சேர்த்தேன்.

முதல் லைனுக்கு அந்த மாதம் முழுக்க ஒரே ஸ்டைல். முப்பதாயிரம் பீஸுக்கு மேல் ஒரே டீ-ஷர்ட். கோடு 54-ஐ ஒட்டித் தூங்கிக்கொண்டு போனது. ஒரு நாளும் 56-ஐத் தாண்டவில்லை. நாலாவது லைனுக்கு நான்கு ஸ்டைல், ஒவ்வொன்றும் ஏழாயிரம் பீஸ் அளவில் சின்ன ஆர்டர். ஸ்டைல் மாறும் நாளில் மெஷின்களை இடம் மாற்ற வேண்டும், ஃபோல்டர் மாற்ற வேண்டும், கை புது வேலைக்குப் பழக வேண்டும். கோடு அன்று 28-க்கு விழுகிறது. மறுநாள் 41, பிறகு 52, 58, 60, ஆறாம் நாள் 61. அதோடு அந்த ஆர்டர் முடிகிறது. மறுபடி 28. மாதம் முழுக்க நான்கு பள்ளம், நான்கு ஏற்றம். ரம்பத்தின் பல் மாதிரி. நான்கு தடவையும் கம்பெனியிலேயே யாரும் தொடாத 60-ஐத் தொட்டிருக்கிறார்கள். அந்த ஆறு நாளையும் கூட்டி ஆறால் வகுத்தால் 50 வருகிறது. நான் திரையில் போட்டுக் காட்டியது அந்த 50-ஐ.

சின்ன ஆர்டர்களெல்லாம் ஏன் நாலாவது லைனுக்கே போயின என்பதும் அப்போதுதான் உறைத்தது. வேகமாகப் பழகிக்கொள்ளும் லைன் என்று மேனேஜர் தெரிந்தேதான் கொடுத்திருக்கிறார். கெட்டிக்காரத்தனத்துக்குக் கிடைத்த சுமை, என் படத்தில் சோம்பேறித்தனமாக மாறியிருந்தது.

அதன் பிறகு சில மாதம் இதைப் பற்றியே படித்தேன். குற்ற உணர்வில் படித்தது நன்றாக மனதில் தங்கும்போல. பார் சார்ட்டைத் தொடங்கிவைத்தவர் என்று ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேரைச் சொல்கிறார்கள். 1786-இல் அவர் போட்ட வணிக அட்லஸில் கிட்டத்தட்ட எல்லாமே கோட்டுப் படங்கள்தாம். ஆண்டுக்கு ஆண்டு ஏற்றுமதி இறக்குமதி எப்படி ஏறி இறங்கின என்று காட்டும் கோடுகள். ஸ்காட்லாந்துக்கு மட்டும் அவரிடம் ஒரே ஒரு வருடக் கணக்குதான் இருந்தது. கோடு போட வழியில்லை. அதனால் நாட்டுக்கொரு பட்டையாக வரைந்தார். கைவசம் காலக்கணக்கு இல்லாத குறைக்கு மாற்றாகப் பட்டையைப் பிடித்தார் மனுஷன். 24 நாள் கணக்கையும் கையில் வைத்துக்கொண்டு நான் நாலே நாலு பட்டை போட்டேன்.

1984-இல் வில்லியம் கிளீவ்லேண்ட், ராபர்ட் மெக்கில் என்ற இருவர், கண் எதைச் சரியாக அளக்கிறது என்று ஆட்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரே அளவுகோலின் மேல் புள்ளி எங்கே இருக்கிறது என்பதைத்தான் கண் பிசகில்லாமல் கணிக்கிறது. நீளத்தைக் கணிப்பது அதற்கு அடுத்தபடி. கோணமும் பரப்பும் இன்னும் கீழே. பட்டையைப் பார்க்கும் கண் அதன் முழு உடம்பின் நீளத்தையும் எடைபோடுகிறது. அதனால் பட்டையைக் காலிலிருந்து, பூஜ்யத்திலிருந்துதான் காட்ட வேண்டும். முட்டிக்குக் கீழே வெட்டிவிட்டு உயரத்தை ஒப்பிடச் சொல்வது அநியாயம். கோட்டுக்கு இந்தச் சட்டம் இல்லை. கோட்டில் நாம் பார்ப்பது ஏற்ற இறக்கத்தை. காய்ச்சல்காரனின் சூட்டை ஃபாரன்ஹீட்டில் பூஜ்யத்திலிருந்து வரைந்தால் 98.6-க்கும் 103-க்கும் வித்தியாசமே தெரியாது, ஆள் போய்விடுவான். ‘அச்சு எப்போதும் பூஜ்யத்தில்’ என்று இணையத்தில் மிரட்டுபவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

பை சார்ட் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனியில் ரிஜெக்ட் ஆன பீஸ்களுக்கு அதுதான் போடுவோம். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது, அளவு தவறு என்று பதினோரு துண்டு, பதினோரு நிறம், அதுவும் முப்பரிமாணத்தில் சாய்த்து. முன்னால் இருக்கும் துண்டு பெரிதாகத் தெரியும், பின்னால் இருப்பது ஒளிந்துகொள்ளும். எந்தக் குறை முன்னால் வர வேண்டும் என்று க்வாலிட்டிக்காரர் சொல்வார், நான் வட்டத்தைத் திருப்பி வைப்பேன். சட்னி அரைப்பது போல. அதையே பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிய படுக்கைப் பட்டைகளாக மாற்றிய மாதம், மொத்த ரிஜெக்டில் பாதிக்கு மேல் எண்ணெய்க் கறையும் ஓட்டையும்தான் என்று தரை பெருக்கும் அண்ணன்கூடச் சொல்லிவிட்டார். நிறம் இன்னொரு தொல்லை. சிவப்பு, பச்சை போட்டு அசத்தினால் தளத்தில் ஒட்டுவதற்கு எடுக்கும் கறுப்பு-வெள்ளைப் பிரிண்டில் இரண்டும் ஒரே சாம்பல். அதோடு சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத ஆண்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். எங்கள் கட்டிங் மாஸ்டருக்கு அப்படித்தான். துணி ஷேடு பார்க்க மட்டும் ரகசியமாக உதவியாளரைக் கூப்பிடுவார்.

படித்ததில் என்னை ரொம்பப் படுத்தியது சேலஞ்சர் விண்வெளி ஓடம். 1986 ஜனவரி 28, ஏவி 73 விநாடியில் உடைந்து ஏழு பேர் இறந்தார்கள். பூஸ்டர் ராக்கெட்டின் ரப்பர் வளையங்கள் குளிரில் இறுகிப்போனதுதான் காரணம். முந்தைய இரவு நடந்த ஆலோசனையில் பொறியாளர்கள் குளிரில் ஏவ வேண்டாம் என்று வாதாடினார்கள். விபத்துக்குப் பிறகு விசாரணைக் குழு இரண்டு படங்களைப் போட்டுக் காட்டியது. வளையம் பழுதடைந்த பயணங்களை மட்டும் வெப்பநிலைக்கு எதிரே புள்ளி வைத்தால் ஒரு ஒழுங்கும் தெரியவில்லை. பழுதடையாத பயணங்களையும் சேர்த்தால் கதை மாறிவிடுகிறது. 66 டிகிரி ஃபாரன்ஹீட்டிலும் அதற்கு மேலும் 20 பயணங்களில் 3-இல்தான் பழுது. 63-லும் அதற்குக் கீழும் 4 பயணம், நான்கிலும் பழுது. அன்று காலை ஏவும்போது வெப்பநிலை 36 டிகிரி அளவில் இருந்தது.

தரவு வரைபடங்களைப் பற்றி எழுதிய எட்வர்ட் டஃப்டி, பொறியாளர்கள் சரியான படம் போடாததைப் பெரிய குறையாகச் சொன்னார். அந்தப் பொறியாளர்களில் ஒருவரான ரோஜர் பாய்ஜோலி உள்ளிட்ட சிலர் பின்னால் அதை மறுத்து எழுதினார்கள். எனக்கு இதில் பொறியாளர்கள் பக்கம்தான் சாய்வு. அவர்கள் வாயைத் திறந்து ‘வேண்டாம்’ என்றார்கள். நல்ல படம் இருந்திருந்தால் கேட்டிருப்பார்கள் என்பது படம் போடுகிறவர்களின் கற்பனையாக இருக்கலாம். எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் ‘சிறுசிறுசா ஆர்டர் சார்’ என்று சொன்னதும் சரியான விளக்கம்தான். நான்கு வார்த்தையில் என் ரம்பப் பல் படம் முழுக்க அதில் இருந்தது.

அடுத்த மாத மீட்டிங்கில் புதுப் படத்தைப் போட்டேன். வயிற்றைப் பிசைந்தது. ஒரே பக்கத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக நான்கு சின்னக் கட்டங்கள், லைனுக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல். நான்கு கோட்டையும் ஒரே கட்டத்தில் போட்டால் நூல்கண்டு சிக்கியது போல ஆகிவிடும் என்பதால் அப்படிப் பிரித்தேன். ஸ்டைல் மாறிய நாட்களில் மெல்லிய சாம்பல் கோடு. தலைப்பில் ‘லைன்வாரி எஃபிஷியன்சி’ என்று போடாமல், ‘நாலாவது லைன் ஒவ்வொரு ஸ்டைலிலும் ஐந்தாம் நாள் 60-ஐத் தொடுகிறது’ என்று எழுதியிருந்தேன்.

“என்னப்பா, ஈ.சி.ஜி. மாதிரி இருக்குது” என்றார் ஜி.எம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழி? பிறகு எழுந்து நின்று விளக்கினேன். போன மாதப் படத்தில் அச்சு 48-இல் தொடங்கியது, அது என் தவறு என்றும் சொன்னேன். அறை கொஞ்சம் அமைதியானது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி திரையைப் பார்த்தார். புரிந்துகொள்ளாத ஆள் இல்லை அவர். அதே தளத்தில் சூப்பர்வைசராக இருந்து வந்தவர். “சரி, இனிமேல் சேஞ்ச் ஓவரைத் தனியாக் காட்டு” என்றார். லைனைத் திரும்ப அமைப்பது பற்றி மேனேஜர் கேட்டார். “இப்பத்தான பிரிச்சுப் போட்டோம். ரெண்டு மாசம் ஓடட்டும், பாக்கலாம்.” அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் செக்கிங் டேபிளுக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். பிரிண்டையும் காட்டினேன். இதை எப்படிப் படிக்க வேண்டும் என்று நான் தொடங்குவதற்குள் அவர் விரல் முதல் பள்ளத்துக்குப் போய்விட்டது. “இது போலோ காலர் வந்த அன்னைக்கு.” விரல் நகர்ந்தது. “இது குழந்தைங்க பேன்ட்டு. எலாஸ்டிக் வரலைன்னு மத்தியானம் வரைக்கும் சும்மா உக்காந்திருந்தோம்.” மூன்றாவது ஏற்றத்தில் ஒரு சின்னச் சரிவு இருந்தது, நான் அதைக் கவனிக்கவே இல்லை. “இது நம்ம ஒடியாப் புள்ளைக்குக் காய்ச்சலுங்க. ஓவர்லாக்குல அவ இல்லாட்டி இப்படித்தான்.” மூன்று வருடத்தில் என் படத்தை இவ்வளவு வேகமாக யாரும் படித்ததில்லை.

“இத எனக்குப் பெருசாப் போட்டுக் குடுப்பீங்களா தம்பி?”

மெர்ச்சண்டைசிங்கில் இருந்த கலர் பிரிண்டரில், யாரும் இல்லாத நேரம் பார்த்து, ஏ3 தாளில் எடுத்துக் கொடுத்தேன். நாலாக மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் ஓடியது. லைன் திரும்ப வரவில்லை. ஒரு சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு போன அக்கா திங்கட்கிழமை வரவில்லை. புதன்கிழமை போன் வந்தது. அவிநாசி ரோட்டுப் பக்கம் வேறொரு கம்பெனியில் சேர்ந்திருந்தார், சூப்பர்வைசராகவே.

“அந்தப் பேப்பரக் காட்டுனனுங்க தம்பி.”

“என்ன சொன்னாங்க?”

“மொதலாளி பையன் ரொம்ப நேரம் பாத்தாருங்க. இந்தப் பள்ளமெல்லாம் என்னங்க்கான்னு கேட்டாரு. ஸ்டைல் மாத்துன நாளுங்கன்னேன்.”

“அப்புறம்?”

“ஒரு மாசத்துல நாலு ஸ்டைலுங்களான்னாரு. ஆமாங்கன்னேன். எப்ப வந்து சேர்றீங்கன்னு கேட்டாரு.”